மூன்றாய் மடிக்கும் தாள்

நாடு ஒரே தாளில் அடங்கவேண்டும் என்றார் இயக்குநர்,
மூன்றாய் மடித்தால் சட்டைப்பைக்குள் போகவேண்டும்.
லிஸ்பன் விமானம் சனிக்கிழமை இறங்குகிறது.
எனக்கு வியாழன்வரை நேரம்.

நிலத்தில் தொடங்கினேன்.
சாவோ தொமே, பிரின்சிபி: இரண்டு தீவுகள்.
கினியா வளைகுடாவை யாரோ துடைத்தபோது
துணிக்குத் தப்பிய இரண்டு சொட்டுகள்.
அந்த வரியை அடித்துவிட்டார்கள்.
"சதுர கிலோமீட்டர் எழுதுங்கள், போதும்."
ஆயிரத்தொன்று.
அந்த உபரி ஒன்றில்தான்
நான் குடியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

தெற்கே, காட்டுக்கு நடுவே
ஓர் எரிமலையின் தொண்டை மட்டும் நிற்கிறது.
சதையை மழை தின்றுவிட்டது;
உள்ளே உறைந்த நெருப்பு தூணாய் மிச்சம்.
பெரிய நாய் என்று பெயர்.
மேகத்தைப் போர்த்திக்கொண்டால்
நாள்கணக்கில் முகம் காட்டாது.
இதை எழுதக்கூடாது.
டாக்சி ஓட்டும் என் மச்சினன் அடேரிட்டோவுக்கு
மேகமே போதும்:
"அதோ, அதற்குள்ளேதான். நம்புங்கள்."
நம்பியவர்கள்
பத்து யூரோ கூடுதலாகவே தருகிறார்கள்.

பொருளாதாரம் நடு மடிப்பில்.
முழுக்க விரித்தால்தான் கண்ணில் படும்;
வடிவமைக்கும் எடில்சோனின் யோசனை அது,
புத்திசாலிப் பையன்.
கொக்கோ, பாமாயில், கொஞ்சம் மிளகு,
பிறகு பிறர் கொடுப்பது.
"பிறர் கொடுப்பது" அடிபட்டு
"நட்பு நாடுகளின் ஒத்துழைப்பு" ஆனது.
எண்ணெய்க்கு ஒரு வரி விடட்டுமா என்று கேட்டேன்.
யாரும் சிரிக்கவில்லை.

நான் பள்ளியில் படித்த வருடங்களில்
கடலுக்கடியில் எண்ணெய் என்றது வானொலி.
அப்பா இன்னோர் அறைக்குக் கடைக்கால் தோண்டினார்.
எண்ணெய் வரவில்லை. மழை வந்தது.
அந்தக் குழியில் இப்போது
பக்கத்து வீட்டு வாத்துகள் நீந்துகின்றன,
வாடகையில்லாமல்.

"மின்சாரம்" என்று தட்டும்போது
மின்சாரம் போனது.
டீசல் கப்பல் எங்கே என்று கேட்டால்
துறைமுகத்தில் சொல்வார்கள்: லேவ்-லேவ்.
மெல்ல, மெல்ல.
இயக்குநருக்கு அதுதான் முகப்பு வாசகம்.

கடைசி மடிப்பு, பார்க்கவேண்டியவை.
கடல் பாறைச் சந்தில் புகுந்து
மேலே பீறிடும் இடம்: நரகத்தின் வாய்.
ரோலாஸ் தீவில் நிலநடுக்கோடு;
தரையில் பதித்த உலகப் படத்தின்மேல்
ஒரு கால் வடக்கிலும் ஒரு கால் தெற்கிலும் வைத்து
கல்யாண மாப்பிள்ளைபோல் சிரிப்பார்கள்.
ஜாலே கடற்கரைக்கு இரவில்
ஆமைகள் முட்டையிட வரும், விளக்கடிக்காதீர்கள்
(இந்த வரிக்காகச் சண்டை போட்டேன்).

பிறகு அந்தப் புகைப்படம்.
பழைய கொக்கோத் தோட்டத்து மருத்துவமனை,
அகலப் படிகள், இடிந்த கூரையில் அத்திமரம்.
படிகளுக்குக் குறுக்கே ஒரு துணிக்கொடி.
எடில்சோன் அதைத் திரையில் அழித்து வைத்திருந்தான்,
சுத்தமாய். நிழலைக்கூட விடவில்லை.

எனக்கு அந்தக் கொடியைத் தெரியும்.
டொமிங்காஸுடையது.
எலும்பு முறிந்தவர்களைக் கிடத்திய அறையில்
ஐந்து பிள்ளைகளோடு இருக்கிறாள்.
கேப் வெர்டேயிலிருந்து ஒப்பந்தக் கப்பலில்
வந்து இறங்கியவர்கள் அவள் பக்கத்தார்;
திரும்பிப் போகும் கப்பல்
ஒப்பந்தத்தில் இருந்தது, துறைமுகத்தில் இல்லை.
படம் எடுத்த அன்று கேட்டாள்:
"நீலச் சட்டை விழுமா?
நாளை பள்ளிக்கு வேண்டும். இப்போது எடுத்தால் காயாது."
எடுக்கவேண்டாம் என்று சொன்னவள் நான்.

நிழலையாவது திருப்பி வை என்றேன்.
எடில்சோன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
ஒரு விசையைத் தட்டினான்.
சட்டைகள் வந்தன.
இயக்குநர் கவனிக்கவில்லை,
முகப்பு வாசகத்துக்குப் பச்சையா மஞ்சளா
என்பதில் இருந்தார்.

சனிக்கிழமை, விமான நிலையம்.
முதலில் இறங்கிய பருத்த மனிதர்
தாளை வாங்கினார், விரிக்கவில்லை.
மடித்தது மடித்தபடி விசிறிக்கொண்டார்.
இரண்டு தீவுகள், நாய், ஆமைகள்,
ஈரம் போகாத ஒரு நீலச் சட்டை,
எல்லாம் அவர் கழுத்தருகே
வேகவேகமாய் ஆடின.
கொஞ்சம் காற்று வந்திருக்கும்.