பதினான்காம் வளைவு

ஒரு நாளைக்கு ஆறு டம்ளர்.
ஏழாவதை அம்மாவுக்குத் தெரியாமல்
வெறும் டிகாக்‌ஷனாகவே விழுங்கிய அன்று
லேபில் பியூரெட்டைத் திருகிய விரல் நடுங்கி
ஒரு சொட்டுக்குப் பதில் ஒன்பது.
குடுவை முழுக்கக் கருஞ்சிவப்பு.
"கையில பேயாடி ஆடுது?" என்றாள் பெனிட்டா.

அன்றிரவே நிறுத்தினேன்.
ஏற்காட்டில், காபிக்காட்டு வீட்டிலிருந்து
காபியை நிறுத்துவது
நாக்கை மட்டும் வெளியூர் அனுப்பிவிட்டு
உடம்பு இங்கேயே கிடப்பது மாதிரி.

மூன்றாம் நாள்
ஆறரை பஸ்ஸில் தலைவலியும் என்னோடு ஏறியது.
ஜன்னலோரம் கேட்டது. கொடுத்தேன்.
இருபது, பத்தொன்பது, பதினெட்டு,
ஒவ்வொரு வளைவுப் பலகைக்கும்
கண்ணுக்குப் பின்னால் ஓர் ஆணி.
பதினான்கில் வண்டியை ஓரங்கட்டி
டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற,
கண்டக்டர் பிளாஸ்கைத் திறந்தார்.
பஸ் முழுக்க அந்த வாசனை.
இயற்பியல் சூத்திரம் சொல்லிப் பார்த்தேன்.
பிறகு ஒரு கெட்டவார்த்தை சொன்னேன்,
மெதுவாகத்தான்.

அடிவாரத்தில் விழித்தபோது
யாரோ ஒரு அக்காவின் தோளில் என் எச்சில்.
"தூங்கு பாப்பா, சேலம் வரலை இன்னும்."

அந்த வாரத்து மழைக்கு
பன்னிரண்டாம் நாள் காடு வெள்ளையாகப் பூத்தது.
நின்று மோந்து பார்த்தேன்.
காபி வாசனை துளிகூட இல்லை.
கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

"ஆறிப்போகுதுடி" என்று
பழக்கதோஷத்தில் அம்மா உள்ளேயிருந்து கத்தினாள்.
கத்திவிட்டு அவளே சிரித்தாள்,
அவளே குடித்தாள்.
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கை நடுங்கவில்லை.
நாக்குதான், லேசாக.