நான்கு பத்துப் படகு

கயிற்றின் கீழ்முனை என்னுடையது.
மேல்முனையில் சிந்ரே,
இடுப்பில் கைவாள், நெஞ்சுப் பையில் தொலைபேசி,
மேப்பிள் மரத்தின் மூன்றாம் கவையில்
ஒற்றைக் காலை மடக்கி நிற்கிறான்.
எனக்குத் தெரிவது
அவன் பூட்ஸின் அடிப்பக்கம் மட்டும்.

பெர்கனில் ஆகஸ்ட்.
காலையில் ஒருமுறை, காபிக்குப் பின் ஒருமுறை பெய்துவிட்டு
மழை மலைக்குப் பின்னால் யோசித்துக்கொண்டிருக்கிறது.

திருமதி ஓல்டர்விக் ஏப்ரலிலேயே அழைத்தாள்,
இடுப்பெலும்பு முறிந்து
மாடியறைக் கட்டிலில் கிடந்தபடி.
வசந்தத்தில் கை வைத்தால் மேப்பிள்
வெட்டுவாயிலிருந்து நாள்கணக்கில் சொட்டும்,
கோடை முற்றட்டும் என்றோம்.
பொறுத்தாள்.
மாதம் ஒருமுறை அழைத்து
பொறுத்துக்கொண்டிருப்பதைத் தெரிவித்தாள்.

நேற்று சிந்ரே சொல்லிப் பார்த்தான்:
இன்னும் இரண்டே மாதம், அக்டோபரில்
இலையெல்லாம் தானே விழுந்துவிடுமே,
உங்களுக்குச் செலவும் மிச்சம்.
"அக்டோபரைப் பற்றி
மருத்துவர் ஒன்றும் சொல்லவில்லை" என்றாள்.
அதற்குமேல் நாங்கள் விலை பேசவில்லை.

அவளுக்கு வேண்டியது வெளிச்சமில்லை.
எதிர்க்கரையிலிருந்து நான்கு பத்துக்கு வரும் படகு.
முப்பத்தொரு வருடம் அதில் டிக்கெட் கிழித்தவள்.
"இப்போதெல்லாம் தாமதமாம்.
எவ்வளவு என்று எனக்குத் தெரியவேண்டும்."

ஆகவே இன்று
மரத்தில் இருப்பவனின் கண்
கட்டிலில் இருக்கிறது.
இடதுபக்கம், என்கிறது நெஞ்சுப்பைக் குரல்.
அது இல்லை, அதற்குப் பின்னால்,
கோட்டு மாட்டும் கொக்கிபோல் வளைந்தது.
கிளையை உலுக்குகிறான். இதுவா?
அதேதான்.

அடியிலிருந்து ஒரு கீறல்,
சற்றுத் தள்ளி மேலிருந்து ஒரு வெட்டு.
டோர்டிஸ், விடு!
விடுகிறேன், விரல்விரலாக,
கையுறைக்குள் சூடேற,
கிளை இறங்கி வந்து புல்லில் உட்காரும்வரை.
பிறகுதான் எஞ்சிய குச்சம்,
கணுவின் தடித்த கழுத்தைத் தொடாமல்.
காயத்தை மூட மரம் வைத்திருக்கும் தோல்
அங்கேதான் மடிந்து கிடக்கிறது.

ஐந்து கிளை. ஆறு.
தண்ணீர் தெரிகிறது என்றாள்,
தீப்பெட்டி அளவு.
ஏழு. இப்போது
ஒரு ரொட்டித் துண்டு அளவு.

வேலிக்கு அப்பாலிருந்து ஹல்வார் எட்டிப் பார்த்தார்.
படகுக்காகவா இத்தனையும்?
செயலியில் போட்டால் நிமிடக் கணக்காகச் சொல்லுமே!
கிளை அரைக்கும் எந்திரத்தை
அப்போது ஒருமுறை ஓட்டிப் பார்க்கத் தோன்றியது எனக்கு.
நன்றாகவே ஓடியது.

பத்தாவதைக் கேட்டபோது சிந்ரே மறுத்தான்.
அது பெருங்கிளை.
எடுத்தால் தென்மேற்குக் காற்றுக்கு மரம்
ஒரு தோள் இல்லாமல் நிற்கும்.
தொலைபேசியில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
"சரி, அது இருக்கட்டும்.
படகு அதன் பின்னால் நுழைந்து வரட்டும்."

நான்கு பத்து.
மரத்தூள் என் சட்டைக் கழுத்துக்குள் ஈரமாக ஒட்டியது.
நான்கு பதிமூன்று.
"எல்லாம் தெரிகிறது" என்றாள்,
"இப்போது மறைப்பது
நீங்கள் ஒருவர்தான்."

தண்டோடு ஒட்டிக்கொண்டான் சிந்ரே,
வயிற்றை உள்ளிழுத்து,
தலைக்கவசத்தைக்கூடச் சாய்த்து.
கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி,
வீட்டுச் சுவரைத் தவிர வேறெதுவும் தெரியாத என் முனையில்
ஊதல் சத்தத்தைக் கேட்டேன்.

"ஆறு நிமிடம்!"
எவனையோ வேலையைவிட்டு அனுப்பும் குரல்.
அப்புறம் தாளின்மேல்
பென்சில் ஓடும் சத்தம்.