ஆறேகால் சென்ட்

களியக்காவிளை சந்தைக்குப் பக்கத்தில்
பல் விழுந்த இடம் போல ஒரு மனை.
அகலம் இருபத்து நாலடி.
முன்னால் நின்றால்
பாறசாலை வண்டிக்கு ஆள் கூப்பிடும் குரல்,
வாழைக்குலை இறக்குகிறவர்களின் வசவு,
மீன்பெட்டி ஒழுகும் ஐஸ்தண்ணீர்.
நாற்பத்தாறு எட்டு பின்னால் வந்தால் முடுக்கு:
ஒட்டுப்பால் வாடை,
இறுக மூடாத ஏதோ ஒரு குழாய்.

"ரெண்டு சட்டர், மேல மூணு வாடகை வீடு,
பின்னால கேட்டைப் போட்டுப் பூட்டிரணும்"
என்றார் எட்வின் றாய், குவைத்திலிருந்து.

மாடிப்படியையும் குளியலறைகளையும்
நடுவில் அடுக்கினேன்,
சத்தம் முதலில் அவற்றில் மோதட்டும் என்று.
அடுக்களைகள் ரோட்டைப் பார்க்கும்;
குக்கருக்கு ஹாரன் பழகிவிடும்.
படுக்கையறைகள் முடுக்குப் பக்கம்.
கெட்டிக்காரி என்று எனக்கே தோன்றிய இரவு அது.

பேரூராட்சிக்கு மனு போயிற்று.
முடுக்கில் நாலாவது வீடு, றோஸ்லெட், நர்ஸ்.
ராத்திரி டூட்டி, பகல் தூக்கம்.
சத்தத்துக்குப் பயந்துதான் என்று
இரட்டைச் சுவர் வரைந்து சுருட்டிக்கொண்டு போனேன்.
பதினொரு மணி. ஜன்னலில் போர்வை.

"சத்தத்துல எனக்க ஒறக்கம் போவாது பிள்ளே,
ராவெல்லாம் ஐசியூ மெஷின் கத்துறதைக் கேட்டுட்டு வாறவ நான்.
நீ வச்ச மூணு ஜன்னலும்
எனக்க கட்டிலைப் பாத்தாக்கும் நிக்குது.
பெறவு அந்தக் கேட்டு.
அதைப் பூட்டினா
பஸ்சுக்கு நான் குருசடி சுத்திப் போணும்,
இருட்டுல, பட்டியளுக்க எடையில."

திரும்பி மனைக்கு வந்தேன்.
குறுக்கே ஓரடி அகலத்துக்கு
புல் படுத்துக் கிடந்தது.
மூன்று முறை டேப் பிடித்திருக்கிறேன் இங்கே.

ஜன்னல் அடியை ஐந்தடிக்கு ஏற்றினேன்:
வெளிச்சம் வரும், கண் போகாது.
மேற்குச் சுவரோரம் நாலடி வழி,
இரண்டாவது சட்டரிலிருந்து திருடியது.
டீக்கடைக்குப் பக்கவாட்டில் ஒரு ஜன்னல்,
அதன் பல்பு பின்முடுக்குவரை விழும்.
கடை எடுக்கப்போகும் ஷாஜி கேட்டான்,
"கரண்ட் பில்லு ஆருக்க கணக்குல?"
எட்வின் றாய் கேட்டார்,
"நாலடிக்கு வாடகை ஆரு தருவா?"
பதிலுக்கு முன் வீடியோ உறைந்துவிட்டது,
அவர் வாய் திறந்தபடி.

கேட்டு இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.
நேற்று மழை. ஆறரை மணிக்கு
பையை மார்போடு அணைத்து
ஈரப்புல்லில் அவள் வந்தாள்,
நான் குடையோடு ஒதுங்கினேன்.
கம்பிகள் கோர்த்துக்கொண்டன.
"ஆட்டுப்" என்றாள், என்ன அர்த்தமோ, சிரித்துவிட்டுப் போனாள்.

இரண்டு குடைகளுக்கு நாலடி போதாது.
சட்டரிலிருந்து
இன்னும் இரண்டரை அடி.