கம்பிவலை

கொழிஞ்சாம்பாறை வாசகசாலையின்
மலையாள முத்திரை குத்திய தமிழ் நாவல்.
அம்மாவின் புடவைகளுக்கு அடியில் கிடந்தது,
முப்பத்தொரு வருடம் திருப்பித் தராமல்.

யாரும் அழக்கூடிய பக்கங்களில் அம்மா கோடு போடவில்லை.
காதலன் ரயிலேறிப் போகும் இடத்தில் ஒன்றுமில்லை.
'அவள் எழுந்து பல் தேய்த்தாள்'
என்ற வரிக்கு இரண்டு கோடு.
'தலை வாரிக்கொண்டாள்', மூன்று.

அந்த வருடம் அம்மாவுக்குக் காமாலை என்றுதான்
சித்தூர் அத்தை வீடு வரை சொல்லியிருந்தார்கள்.
கண் வெள்ளையாய்த்தான் இருந்தது.
பாலக்காட்டுக் காற்று கதவை ஆட்டிக்கொண்டிருக்க
ஆடி முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.
எனக்கு ஜடை போட்டது அப்பா. கோணல்.

அவர்கள் பேசிக்கொண்டதாக நினைவில்லை.
சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைக்கும் சத்தம்,
ராத்திரியில்
கோபாலபுரம் செக்போஸ்டுக்குப் போகும் லாரிகள்,
அவ்வளவுதான்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்
கதையில் அவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறாள்.
அந்தப் பத்தி முழுக்கப் பென்சில், தாள் கிழியுமளவு.
ஓரத்தில் சிவப்பு மையில்,
தோப்பில் கள்ளுக் கணக்கெழுதும் அதே கையெழுத்து.
பஞ்சாங்கம் தவிர எதையும் வாசித்து
நாங்கள் பார்த்திராத அப்பா.
'கெணத்துக்குக் கம்பிவல போட்டாச்சு துளசி.'

எங்களிடம் சொன்னது, ஆட்டுக்குட்டி விழுந்துவிடுமாம்.
எங்களிடம் ஆடே இல்லை.

அதற்குக் கீழே அம்மா, மறுபடி பென்சிலில்:
'அப்பறம் நான் தண்ணி எப்படி எடுக்கறது?'

அந்தத் தீபாவளிக்குத்தான்
எங்கள் வீட்டுக்கு மோட்டார் வந்தது.