இரண்டு ரீம் உயரம்

ரியேக்காவில் மார்ச் மாதம்.
மலையிலிருந்து இறங்கும் புரா காற்று
துறைமுக அலுவலகத்தின் மூன்றாம் மாடிக் கண்ணாடிகளைக்
கடன் கொடுத்தவன் மாதிரித் தட்டிக்கொண்டிருந்தது.
அளவுநாடாவோடு போனேன்.
என் வேலை அதுதான்,
உட்கார்ந்திருப்பவர்களை அளப்பது.

முழங்கை தொண்ணூறு பாகை.
பாதம் தரையில்.
நாற்காலி முதுகுக்குத்தான், கோட்டு மாட்ட அல்ல.
நாளுக்கு இருபது பேரிடம் சொல்கிறேன்.
இருபது பேரும் சட்டென்று நிமிர்கிறார்கள்,
வகுப்பில் ஆய்வாளர் நுழைந்ததுபோல.
நான் திரும்பியதும் தோள்கள் சரியும் ஓசை
எனக்கு முதுகிலேயே கேட்கும்.

சுங்கப் பிரிவில் ஸ்லாவென்கோ,
முன்பு கிரேன் ஓட்டியவர்.
நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து
இருபது டன் பெட்டிகளைக் கப்பலில்
முட்டை வைப்பதுபோல இறக்கி வைத்தவர்.
இப்போது காப்பிக் கோப்பையைத் தூக்க
இடது கையைத் துணைக்கு அழைக்கிறார்.
மௌஸைக் காட்டி, “எலி கடித்துவிட்டது” என்றார்.
அவரும் சிரிக்கவில்லை, நானும்.
எலியை ஒரு சாண் கிட்டே இழுத்து வைத்தேன்.
ஐந்து வருட வலிக்கு
அந்த ஒரு சாண்தான் காரணமாக இருக்கலாம் என்று சொல்ல
எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு சரக்குப் பட்டியல் பிரிவு.
யஸ்மிங்காவின் கழுத்து முன்னால் நீண்டு
திரைக்குள் எதையோ மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது.
திரை தாழ்வு. கண்ணுக்கும் அதன் மேல்விளிம்புக்கும்
பதினோரு சென்டிமீட்டர் பள்ளம்.
அடியில் இரண்டு ரீம் காகிதம் வைத்தேன்.
எதிர்மேசை வியெரானுக்கும்
அதே கோளாறு, அதே மருந்து.
இருவரும் நன்றி சொன்னார்கள்.
கையெழுத்துப் போட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் போனால்
ரீம்கள் தரையில்.
திரைகள் பழைய பள்ளத்தில்,
கழுத்துகள் பழைய வளைவில்.
“காகிதம் தேவைப்பட்டது” என்றாள் யஸ்மிங்கா.
பிரிக்காத உறையை
இருவருமாகக் கொஞ்ச நேரம் பார்த்தோம்.

அவள் காப்பிக்குப் போனபோது
அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.
திரையின் விளிம்புக்கு மேலே
வியெரானின் நெற்றி, மூக்குக்கண்ணாடி,
தப்பான எண்ணைக் கண்டால் மட்டும்
தனியாக ஏறும் ஒரு புருவம்.
ரீம்களை வைத்துப் பார்த்தேன்.
சாம்பல் நிற பிளாஸ்டிக்.

என் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
வெளிச்சம், இரைச்சல், ஈரப்பதம்,
கால் வைக்கப் பலகை உண்டா, ஆம், இல்லை.
எதிரே யார் என்று
அச்சடித்தவர்கள் கேட்க மறந்துவிட்டார்கள்.

மறுநாள் ஸ்லாவென்கோவைக் கூப்பிட்டேன்.
அவருடைய நல்ல கையும் என் இரண்டு கைகளுமாக
மேசைகளைக் கோணலாகத் திருப்பினோம்.
“கொஞ்சம் இடது… இன்னும்… நிறுத்து”
என்று தனக்குத்தானே கட்டளையிட்டுக்கொண்டார்,
இன்னும் கிரேன் மேலேயே இருப்பவர்போல.
திரைகள் உயர்ந்தன.
ஆனால் அவள் இடது தோளுக்கு நேரே,
ஆறு மீட்டர் தள்ளி, ஜன்னலோரம்,
முழுசாக அவன்.

பிறகு விதியைச் சொன்னேன்.
கையேட்டில் உள்ளதுதான், நான் கட்டியதல்ல:
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை
திரையிலிருந்து கண்ணை எடுங்கள்.
ஆறு மீட்டர் தள்ளி எதையாவது பாருங்கள்,
இருபது விநாடி.

“எதையாவதா?”
“எதையாவது.”

யஸ்மிங்காவின் காது சிவந்தது.
வியெரான் அவசரமாக
ஸ்டேப்ளரை ஆராயத் தொடங்கினான்.

அறிக்கையை அன்றிரவு எழுதினேன்,
சமையலறை மேசையில்,
மடிக்கணினியின் மேல் கேள்விக்குறியாக வளைந்து.
இடமாற்றத்துக்குக் காரணம்: கண் சோர்வு.
கழுத்து வலித்தது.
கெட்டியாக இரண்டு புத்தகம் அடியில் வைக்கலாம்.
எதிரே சுவர்தான்,
மறைந்தால் நஷ்டமில்லை.

ஆனாலும் எழுந்து போய்
எடுக்கவில்லை.