நாற்பதாயிரம் கிப்

கணக்கு முடிக்கக் கூடினோம்
ஞாயிறு மாலை, செவ்வாய்ப்பேட்டையில்
தட்டுவடை செட் வண்டியின் ஓரம்.
ரிஸ்வானா கொண்டுவந்த நோட்டில்
மேக்கோங்கின் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.
பக்கம் புரட்டப் புரட்ட
பீட்ரூட் துருவல் மேல் உதிர்ந்தது.
சிந்துஜா ஊதிவிட்டுத் தின்றாள்.

பதினோரு நாள். நாலு பேர்.
ஹுவாய் சாயில் படகுக்கு நான்.
பாக்பெங்கில் அறைக்கு எஸ்தர்
(மூன்றே கட்டில்; தரையில் படுத்தது யார் என்று
நோட்டில் இல்லை. நான்தான்).
லுவாங் பிரபாங்கில்
சிந்துஜாவின் அறுந்த செருப்புக்குப் பதில்
பொதுப்பணத்தில் ஒரு ஜோடி.
அது பொதுச்செலவுதான் என்று ஒத்துக்கொள்ள
ரிஸ்வானாவுக்கு இன்றும் மனசில்லை.

அன்னதானப்பட்டியிலிருந்து எஸ்தரின் அம்மா
கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சல்
முதல் நாளே பைக்குள் வெடித்தது.
அப்புறம் எந்த ஊர்ப் படித்துறையில் இறங்கினாலும்
எங்களுக்கு முன்னால் அந்த வாசனை இறங்கியது.
ஒட்டுச் சோற்றில் பிசைந்து பார்த்தோம்.
பிசைய வரவில்லை,
உருட்டத்தான் வந்தது.

ஏழாம் நாளில்
நாலு சாப்பாடு, நாலு தனி வரி.
அன்றைக்குச் சண்டை.
எதற்கென்று கேட்டால்
இப்போதும் நாலு காரணம் கிடைக்கும்.

எட்டாம் நாள், கடைசி வரி:
அக்கரைப் படகு. நாற்பதாயிரம் கிப்.
பக்கத்தில் பெயர் இல்லை.

"நீதானே குடுத்தே?"
"நான் பையைப் பிடிச்சிட்டிருந்தேன்."
"எஸ்தர்?"
"எனக்கு அப்ப வாந்தி."
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் வண்டிக்காரரைப் பார்த்தேன்.
அவர் "இன்னொரு செட்டா?" என்றார்.

சின்ன ஊர் அது.
அதன் பேரை ரிஸ்வானா
நாலு பக்கத்தில் நாலு விதமாய் எழுதியிருக்கிறாள்.
மழை வந்துகொண்டிருந்தது.
வெட்டிய எண்ணெய் டின்னால்
காலடித் தண்ணீரை இறைத்தபடியே
எங்களைக் கடத்திவிட்டாள் ஒருத்தி,
எங்கள் வயசுதான் இருக்கும்.
கரை தட்டியதும் குதித்து ஓடினோம்.
மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தால்
படகில் எழுந்து நின்று
எங்களைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

டாட்டா காட்டுகிறாள் என்று
நாங்களும் ஆட்டினோம்.
நாலு பேரும்.
ரொம்ப நேரம்.
எஸ்தர் பறக்கும் முத்தம் வேறு கொடுத்தாள்.

நம்ம ரூபாயில் நூற்று அறுபது வரும்,
என்றாள் சிந்துஜா.
அப்போது எங்கள் முன்னால் இருந்த
நாலு தட்டின் விலை.
யாரும் அடுத்த வடையை எடுக்கவில்லை.

எஸ்தரின் பர்ஸில், ஞாபகத்துக்கென்று வைத்திருந்த
கிப் நோட்டுகள் இருந்தன.
எண்ணினோம். முப்பத்தைந்தாயிரம்.
நோட்டாக இருந்தும் ஐயாயிரம் குறைகிறது.
இருந்தாலும் யாருக்கு அனுப்ப?
பேர் தெரியாது, ஊர் நாலு விதம்,
விலாசம் என்று எழுதினால்
'ஆறு' என்று மட்டும் எழுதலாம்.
மறுநாள் எங்கள் பேங்கிலேயே காட்டினேன்.
கேஷியர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு
"எந்த நாட்டுது மேடம், அழகா இருக்கு" என்று
திருப்பிக் கொடுத்தார்.

ஆனால் அந்த ஞாயிறு இரவு
ரிஸ்வானா பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
'பாக்கி' என்று எழுதி
மொத்தம் போடாமல் நோட்டை மூடினாள்.
சிந்துஜாவுக்கு வியாழக்கிழமை ஓசூரில் வேலையில் சேரணும்.
ரிஸ்வானாவுக்கு நிக்காஹ் பேச்சு நடக்கிறது.
அதையெல்லாம் அன்றைக்கு யாரும் பேசவில்லை.

பாலம் வரை சேர்ந்து நடந்தோம்.
கீழே திருமணிமுத்தாறு,
சாயப்பட்டறை நுரையைத் தள்ளிக்கொண்டு.
பிறந்ததிலிருந்து இதைக் கடக்கிறோம்,
மூக்கைப் பொத்திக்கொண்டு, வேகமாக,
இதுவரை யாருக்கும்
எதுவும் கொடுத்ததில்லை.

அக்கரையில் சிந்துஜா ஷேர் ஆட்டோ ஏறினாள்.
ஆட்டோ நகர்ந்ததும் வெளியே கை நீட்டினாள்.

உடனே கை ஆட்டிவிடவில்லை நான்.
ஒரு நொடி நின்று
சரியாகப் பார்த்தேன்.