ஏழாம் மாடி, பிரார்த்தனை அறை

கிராட்ஸ் நகர மருத்துவமனை.
கிப்லாவைக் காட்டும் பச்சை அம்பு கூரையில்.
சிலுவை இழுப்பறைக்குள்,
யாராவது கேட்டால் வெளியே வரும்.
சுவரில் ஒரு படம்:
பனிச்சிகரம், அதை நோக்கி ஐந்து பாதைகள்.
போதகர் லெயோபோல்டுக்கு அதில் தனிப் பெருமை.

எனக்குச் சாமி கிடையாது.
மனைவி கண் விழிக்கும்வரை
உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இரவு இரண்டு மணிக்குத் தரை துடைக்க வருவாள் விதோசாவா,
துர்மித்தோர் மலைக்காரி.
படத்தைப் பார்த்துச் சிரித்தாள்.
"இதை வரைந்தவன் மலையேறினதே இல்லை.
எங்கள் பக்கம் ஒரு பாதை ஆட்டுப்பட்டியோடு நின்றுவிடும்.
இன்னொன்று, என் தம்பி விழுந்த பள்ளத்தில்.
உச்சிக்குப் போவது எங்கள் பாதை மட்டும்தான் என்று
அடிவாரத்தில் இருப்பவன்தான் சத்தியம் செய்வான்.
ஐந்தும் அங்கேதான் போகிறது என்பவனும்
அதே அடிவாரத்தில்தானே நிற்கிறான்?"

"அப்படியென்றால் நீ?"

துடைப்பத்தைப் பிழிந்தாள். வெகுநேரம் பிழிந்தாள்.
"மூடுபனியில் எதிரே ஓர் ஆள் வந்தால்
பாலம் இன்னும் இருக்கிறதா என்று கேட்போம்.
வேறு என்ன கேட்பது?"

தொழுகைப் பாயடியில்
யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை, ஈரமாய்.
அதைச் சூடேற்றியின்மேல் விரித்துப் போட்டாள்.
போகிற போக்கில்
சாய்ந்திருந்த அந்தப் படத்தையும்
நேராக்கிவிட்டுப் போனாள்.